கல்லில் பிழையில்லை: ஒரு பழைய துவக்குப் பூட்டு மறுபடி பொறி தந்த கதை

இருபது தடவை அடித்தேன். மூன்று தடவைதான் பொறி வந்தது. வந்த மூன்றும் மங்கிய சிவப்பு. மருந்து வைக்கும் கிண்ணிக்குள் விழுவதற்கு முன்னரே அணைந்துபோயின.

மேசையில் கிடந்தது தீக்கல் துவக்கு ஒன்றின் பூட்டு, அதாவது பொறி தட்டும் பாகம், மட்டும். துவக்கு இல்லை. அப்பப்பாவின் தகப்பன் காலத்துத் துவக்கு அது. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், வயலில் பரண் காவலுக்குப் போகும்போது கொண்டுபோவார்களாம். குண்டு போடாமல் வெடிமருந்தை மட்டும் இடித்து வெடிவைத்தால் யானையும் பன்றியும் விலகிப்போகும். நாட்டில் பிரச்சினை தொடங்கிய காலத்தில் அப்பப்பா குழலையும் தண்டையும் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டார். பூட்டு மட்டும் அந்த நேரம் பழுதுக்கென்று கழற்றி ஒரு கம்மாலையில், இரும்புப் பட்டறையில், கிடந்திருக்கிறது. பிறகு அது வீட்டுக்கு வந்து, சீலைத்துணியில் சுற்றி, நெல்லு அளக்கும் மரைக்காலுக்குள் முப்பது வருடத்துக்கு மேல் தூங்கியது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் குழலும் இல்லை, மருந்தும் இல்லை. இலங்கையில் துவக்கு வைத்திருக்க 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச்சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேண்டும். மருந்து 1956ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டத்துக்குள் வரும். எனக்கு வேண்டியிருந்தது பொறி ஒன்றுதான். அப்பாவுக்கு எழுபத்துநாலு வயது. சின்ன வயதில் பரணில் இருந்து கேட்ட அந்தச் 'சடக்' சத்தத்தையும், இருட்டில் தெறித்த பொறியையும் ஒரு தடவை மறுபடி பார்க்க வேண்டும் என்றார். நான் கொக்கட்டிச்சோலையில் மோட்டார் சைக்கிள் திருத்துகிறவன். பிளக்கில் பொறி வராத வண்டி தினமும் வரும். இதையும் ஒரு கை பார்ப்போம் என்று எடுத்தேன்.

பூட்டு வேலை செய்யும் விதம் எளிது. மேலே குதிரை. அதன் வாயில் தோலில் சுற்றிய கல்லைக் கடிக்கவைத்து, திருகாணியால் இறுக்கியிருப்பார்கள். எதிரே நிமிர்ந்து நிற்பது உருக்குத் தட்டு. தட்டின் அடிப்பாகம் மடிந்து கிண்ணிக்கு மூடியாக இருக்கிறது. விசையை இழுத்தால் குதிரை பாய்ந்து, கல் தட்டின் முகத்தைச் சுரண்டிக்கொண்டு கீழே இறங்கும். அந்த உதையில் தட்டு பின்னால் சாயும், மூடி திறக்கும், பொறி கிண்ணிக்குள் விழும். கிண்ணியில் தூவிய மருந்து பற்றி, பக்கத்துத் துளை வழியாக நெருப்பு உள்ளே போகும். பிரான்சின் லிசியூ நகரத்து மரேன் லெ பூர்ஷுவா என்ற கைவினைஞர் 1610 அளவில் இந்த அமைப்பை உருவாக்கியதாகச் சொல்வார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில், அடிபட்டால் பற்றும் கேப் வைத்த துவக்கு வரும்வரை, இருநூறு வருடத்துக்கு மேல் பல நாடுகளில் இது ஓடியது. கண்டிக் காலத்துச் சிங்களத் துவக்குகளில் பூட்டு இடப்பக்கம் இருக்கும். எங்களுடையது வலப்பக்கப் பூட்டு, ஐரோப்பிய அமைப்பு. பெயரோ முத்திரையோ துருவுக்கடியில் ஒன்றும் மிஞ்சவில்லை.

பொறி எங்கிருந்து வருகிறது என்பது முக்கியம். கல்லிலிருந்து வருகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பொறி இரும்பிலிருந்து வருகிறது. கல் உருக்கைவிடக் கொஞ்சம் கடினம். அதன் கூர் உருக்கிலிருந்து மெல்லிய சீவலைச் சீவி எடுக்கிறது. சீவுகிற உராய்வில் அந்தத் துகள் சூடேறி, காற்றுப் பட்டதும் எரிகிறது. அவ்வளவுதான். இதை நான் கண்ணால் பார்த்தது பிறகு. தட்டுக்குக் கீழே வெள்ளைத் தாள் விரித்து ஐந்தாறு தடவை அடித்துவிட்டு, பூதக்கண்ணாடியால் பார்த்தேன். கறுப்பாக, கடுகைவிடப் பல மடங்கு சிறிய உருண்டைகள். உருகி உருண்டு ஆறியவை. பக்கத்தில் எரியாத சுருள் சீவல்களும் கிடந்தன, மரம் சீவும்போது வருவதுபோல. தாளுக்கடியில் பழைய ஸ்பீக்கர்க் காந்தத்தை நகர்த்தினால் உருண்டை, சுருள் எல்லாம் எழுந்து கூடவே ஊர்ந்தன. கல் வெட்டுகிறது. எரிவது இரும்பு. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி வேலை தானாக விளங்கும். நான் இதைத் தெரிந்துகொள்ளுமுன் ஒரு மாதத்தைக் கல்லோடு செலவழித்துவிட்டேன்.

கழற்றிச் சுத்தம் செய்ததை நீட்டவில்லை. இரண்டு இரவு மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பித்தளைத் தூரிகையால் தேய்த்தேன். இரண்டு விசயம் மட்டும். கையால் வெட்டிய புரியாணிகள் ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது. அட்டையில் பூட்டின் படம் வரைந்து, எந்த ஆணி எங்கிருந்து வந்ததோ அங்கே குத்திவைத்தேன். பெரிய வில்லு மடித்த தகடுபோல இருக்கும். அதைச் சின்னக் கிளாம்ப் போட்டு அமுக்கிப் பிடித்துக்கொண்டுதான் கழற்ற வேண்டும். கைநழுவினால் விரலையும் பதம் பார்க்கும், தானும் முறியும். முறிந்தால் கடையில் வாங்க முடியாது. உள்ளே பல்லுகள் நன்றாக இருந்தன. குதிரையைப் பின்னுக்கு இழுத்தால் அரைநிலையில் ஒரு சொடக்கு, முழுநிலையில் இன்னொரு சொடக்கு, இரண்டும் தெளிவாகக் கேட்டன. அது பெரிய ஆறுதல்.

இனிக் கல். வாயில் இருந்த பழைய கல் மழுங்கிக் கட்டையாகிவிட்டது. அம்பாறைப் பக்கம் வெள்ளைப் படிகக்கல்லுக்குப் பஞ்சமில்லை. மச்சானோடு போய் ஒரு உரப்பை நிறையப் பொறுக்கிவந்தேன். உடைத்துப் பார்த்தால் கூர் வருகிறது, அடித்தால் பொறியும் வருகிறது. ஆனால் மூன்று நாலு அடியில் கூர் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். அந்தக் கல்லின் உள்ளே மணிமணியாக இருக்கிறது, உடைவு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. தீக்கல்லின் படிகங்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்மையானவை. அதனால் கண்ணாடி உடைவதுபோல வழுவழுப்பான வளைவோடு உடைந்து, சவர அலகுபோன்ற விளிம்பு கிடைக்கிறது. இங்கிலாந்தின் சுண்ணக்கல் மண்ணில் அது ஏராளம். பிராண்டன் என்ற ஊரில் துவக்குக்குக் கல் உடைப்பதே பரம்பரைத் தொழிலாக இருந்திருக்கிறது. லண்டனில் இருக்கும் சித்தப்பாவின் மகன் ஊருக்கு வரும்போது அப்படி உடைத்த கறுப்புக் கல் ஆறு கொண்டுவந்து தந்தான்.

புதுக் கல் போட்டு இருபது அடித்தேன். எட்டுக்குப் பொறி. மூன்றிலிருந்து எட்டு. முன்னேற்றம்தான், ஆனால் எனக்குத் திருப்தியில்லை. கல்லைத் திருப்பினேன், மாற்றினேன், தீட்டினேன். எட்டைத் தாண்டவில்லை.

மண்முனைப் பாலத்தைக் கடந்து மட்டக்களப்புக்குப் போனேன். 2014இல் அந்தப் பாலம் திறக்குமுன் இந்த வாவியைக் கடக்கப் பாதை என்கிற மிதவையில்தான் வண்டியை ஏற்ற வேண்டும். அப்பாவின் கதைகளில் இந்தப் பூட்டும் ஒருமுறை பாதையேறிப் போயிருக்கிறது, தாண்டவன்வெளிப் பக்கம் ஒரு பறங்கியர் கம்மாலைக்கு. மட்டக்களப்புப் பறங்கியர் போர்த்துக்கீச வழிவந்தவர்கள். தச்சும் இரும்பும் துவக்குத் திருத்தமும் அவர்கள் கைத்தொழில். நாம் தினமும் சொல்கிற அலவாங்கும் சாவியும் அந்தப் பாசையிலிருந்து வந்த சொற்கள்தான். அந்தப் பழைய கம்மாலை இப்போது இல்லை. ஆனால் அதே பகுதியில், தொழிலை விட்டு வீட்டோடு இருக்கும் ஒரு பெரியவரைக் காட்டினார்கள். எல்லோரும் அங்கிள் என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

பூட்டைக் கையில் வாங்கினார். கல்லைப் பார்க்கவே இல்லை. தட்டின் முகத்தில் பெருவிரல் நகத்தை வைத்து மேலிருந்து கீழே மெதுவாக இழுத்தார். நகம் மூன்று இடத்தில் தடக்கியது.

"கல்லைக் குறை சொல்லாத மனே. தட்டு செத்துப்போச்சி."

மேசையிலிருந்த அரத்தை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்து ஒரு இழுவை. அரம் பிடித்தது. உலோகத்தூள் விழுந்தது. "இது வழுக்க வேணும். கண்ணாடியில தேய்ச்சாப்போல சறுக்கிக்கொண்டு போக வேணும். பிடிச்சா உருக்கு மெது." மென்மையான உருக்கில் கல் சீவாது, பள்ளம் தோண்டும். தோண்டி வரும் துண்டு தடிப்பமாக இருக்கும், எரியுமளவு சூடேறாது. மிதமிஞ்சிக் கடினமாக இருந்தாலும் ஆகாது. கல் வழுக்கிப்போய்விடும், தட்டும் வெடிக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது.

முதலில் மறுபடி தோய்ச்சல் போட்டுப் பார்ப்போம் என்றார். சிரட்டைக்கரி நெருப்பில் தட்டைக் காய்ச்சினோம். நான் காந்தத்தைக் கம்பியில் கட்டிக் காத்திருந்தேன். 770 பாகை செல்சியஸ் அளவில் இரும்பு காந்தத்தை விட்டுவிடும், அதைத் தாண்டிக் கொஞ்சம் போனால் போதும் என்று படித்திருந்தேன். அவருக்குக் காந்தம் தேவைப்படவில்லை. யன்னலைச் சாத்திவிட்டு நிறத்தைப் பார்த்தார். "கொவ்வைப்பழம்" என்றார். அதே நேரம் என் காந்தமும் விட்டது. எண்ணெயில் தோய்த்து எடுத்து அரம் போட்டால், மறுபடியும் பிடிக்கிறது. அதாவது தட்டின் உடம்பு வெறும் இரும்பு. முகத்தில் மட்டும் ஒரு காலத்தில் கரியை, அதாவது காபனை, ஏற்றிக் கடினமாக்கியிருக்கிறார்கள். அந்தத் தோல் நூறு வருட அடியில் தேய்ந்து முடிந்துவிட்டது. கரியில்லாத இரும்பை எத்தனை தரம் தோய்த்தாலும் இறுகாது.

வழி இரண்டு. எலும்புக்கரிக்குள் புதைத்து, 900 பாகைக்குப் பக்கத்தில் மணிக்கணக்காகக் காய்ச்சிக் கரியை மறுபடி ஏற்றலாம். இல்லாவிட்டால் நல்ல உருக்கில் மெல்லிய முகம் செய்து தட்டில் ஒட்டலாம், செருப்புக்குப் புது அடி போடுவதுபோல. அந்தக் காலத்துத் துவக்குக்காரர்களும் இரண்டாவதைச் செய்திருக்கிறார்கள். நாங்களும் அதையே எடுத்தோம்.

இங்கே நான் ஒரு பிழை விட்டேன். வீட்டில் உடைந்த இரும்பறுக்கும் வாள் இருந்தது. கடினம், மெல்லியது, தட்டின் அகலத்துக்கே வெட்டலாம். இதைவிடப் பொருத்தமாக என்ன வேண்டும் என்று, அங்கிளைக் கேட்காமல், எபொக்சி வைத்து ஒட்டிப் பார்த்தேன். அடித்தால் பொறி எட்டிலிருந்து நாலாகக் குறைந்தது. அதுவும் கருஞ்சிவப்புக் கோடுகள். அந்த வாளில் 'எச்.எஸ்.எஸ்.' என்று பொறித்திருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். சூட்டைத் தாங்குவதற்கென்று டங்ஸ்டன், மாலிப்டினம் கலந்த உருக்கு அது. கிரைண்டரில் பிடித்தாலே அதன் பொறி மங்கலாகத்தான் வரும். பழைய அரத்தைப் பிடித்தால் வெள்ளையும் மஞ்சளுமாகப் பூத்து வெடிக்கும். அரத்தில் கரி அதிகம். எரிகிற துகளுக்குள் அந்தக் கரி வாயுவாகி வெடிப்பதால்தான் பொறி பூப்போலப் பிரிகிறது. உங்களிடம் கிரைண்டர் இருந்தால், எந்த உருக்குப் பொறி தரும் என்று அறிய இதைவிட நல்ல வழி கிடையாது. அரை நிமிட வேலை.

ஆகவே பழைய அரம். அங்கிளின் சாமான்களுக்குள் பல்லுத் தேய்ந்த ஒன்று கிடந்தது. சிவக்கக் காய்ச்சிச் சாம்பலுக்குள் புதைத்து, ஒரு இரவு ஆறவிட்டு மென்மையாக்கினார். அடுத்த நாள் பல்லை அராவிவிட்டு, மறுபடி காய்ச்சி, இரண்டு மில்லிமீற்றர் தடிப்பத்துக்குத் தட்டி மெலிசாக்கினார். தட்டின் முகம் நேரானதல்ல, உள்நோக்கிச் சற்று வளைந்தது. அந்த வளைவுக்கு மரத்தில் ஒரு அச்சு வெட்டி, சூட்டோடு அதில் வைத்து அமுக்கினார். பழைய முகத்திலிருந்தும் அதே இரண்டு மில்லிமீற்றரை நான் அராவி எடுத்தேன். எடுக்காமல் ஒட்டினால் கல் படும் இடம் மாறிவிடும்.

பிறகு தோய்ச்சல். கொவ்வைச் சிவப்பில் இளஞ்சூட்டுத் தேங்காய் எண்ணெயில் இறக்கினார். தண்ணீரில் போட்டால் இவ்வளவு மெல்லிய துண்டு வெடித்துவிடும். எடுத்துத் துடைத்து அரம் போட்டேன். கிறீச்சென்று வழுக்கியது. அந்தச் சத்தத்துக்கு நான் பட்ட சந்தோசம் கொஞ்சமல்ல. ஆனால் அந்த நிலையில் அது கண்ணாடிபோல முறியும். அந்த முறிவைக் குறைக்க, அரத்தாளால் முகத்தை வெள்ளையாகத் தேய்த்து, சூடான இரும்புப் பலகைமேல் வைத்து நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் ஒன்றுமில்லை. பிறகு மெல்லிய மஞ்சள், புது வைக்கோல் நிறம், ஓரத்திலிருந்து உள்ளே ஊர்ந்து வந்தது. "காணும்" என்று குறட்டால் தூக்கிவிட்டார். அந்த நிறம் 215 பாகைக்குக் கிட்ட வரும்.

வைக்கோல் நிறத்தில் நிறுத்தியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஈயமும் வெள்ளீயமும் கலந்த சாதாரண ஒட்டு ஈயம் 183 முதல் 190 பாகைக்குள் உருகிவிடும். அதாவது தோய்ச்சல் கெடாமலே ஒட்டலாம். தட்டின் முகத்துக்கும் துண்டின் முதுகுக்கும் தனித்தனியாக ஈயம் பூசி, சேர்த்துக் கம்பியால் கட்டி, தட்டின் பின்பக்கத்திலிருந்து விளக்கால் மெதுவாகச் சூடுகாட்டினோம். என் கண் முழுக்க முன்முகத்தில். அது நீலமாகத் திரும்பினால் உழைப்பு அத்தனையும் போச்சு. ஓரத்தில் ஈயம் வெள்ளிக்கோடாகக் கசிந்தது. விளக்கை எடுத்தார். வைக்கோல் நிறம் அப்படியே இருந்தது. பித்தளை வெல்டிங் செய்தால் இன்னும் உறுதியாக நிற்குமே என்று சிலர் சொல்வார்கள். அந்தச் சூட்டில் தோய்ச்சல் முழுக்க இறங்கிவிடும். என் கருத்தில் ஈயம்தான் சரி.

அன்றிரவு கராஜில் விளக்கணைத்துவிட்டு முதல் அடி. இந்த முறை பொறி மஞ்சள் வெள்ளையாகக் கொத்தாக விழுந்து, கிண்ணிக்குள் ஒரு கணம் துள்ளியது. இருபதில் பதினாறு.

பதினாறு என்ற எண்ணைவிட, அது எப்படி வந்தது என்பதுதான் என்னை யோசிக்க வைத்தது. கொப்பியில் ஒவ்வொரு அடிக்கும் சரி, பிழை போட்டிருந்தேன். முதல் பத்தில் பத்தும் சரி. அடுத்த பத்தில் ஆறுதான். அடுத்த நாளும் அப்படியே. முதலில் நன்றாக வந்து, போகப்போகச் சோர்கிறது. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் எதுவோ மாறுகிறது. பொறி வரவைப்பது ஒரு வேலை, வந்த பொறியை நிலைக்க வைப்பது வேறொரு வேலை. இதற்குமேல் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன், ஒரே நேரத்தில் இரண்டைத் தொடாமல்.

முதல் குற்றவாளி கல்லைச் சுற்றியிருந்த துண்டு. தோல் கிடைக்காமல் சைக்கிள் டியூப் றப்பரை வைத்திருந்தேன். றப்பர் அடியை வாங்கித் துள்ளும். ஒவ்வொரு அடிக்கும் கல் மயிரிழை பின்னால் போகும், சற்றுச் சரியவும் செய்யும். பத்தாவது அடியில் கூரின் ஒரு மூலை மட்டும்தான் தட்டைத் தொடுகிறது. தட்டில் விழுந்த கோடுகளைப் பார்த்தாலே தெரியும், இடப்பக்கம் மட்டும் கீறல். பழைய தோல்செருப்பின் வாரை வெட்டி, மடித்து, பின்பக்கம் ஒரு துளை விட்டுச் சுற்றினேன். துளை எதற்கென்றால், கல்லின் முதுகு நேரே திருகாணியின் தண்டில் முட்டிக்கொண்டு நிற்க. அப்போது அது பின்னால் போக இடமில்லை. புதுத் தோல் முதல் ஐந்தாறு அடியில் அமுங்கும், திருகாணியை மறுபடி இறுக்க வேண்டும். இறுக்கும்போது தட்டை மூடி, குதிரையை அரைநிலையில் வைத்து, கல்லின் கூர் தட்டின் முழு அகலத்துக்கும் ஒரே இடைவெளியில், தொட்டும் தொடாமலும் நிற்கிறதா என்று வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பிளக்கில் இடைவெளி பார்க்கிற அதே கண்தான்.

இதோடு கல்லின் சரிவையும் சொல்ல வேண்டும். உடைத்த கல்லில் ஒரு பக்கம் சரிந்திருக்கும். சரிவு மேலே பார்க்க வைத்தால் கூர் தாழ்ந்து நிற்கும், கீழே பார்க்க வைத்தால் உயர்ந்து நிற்கும். எது சரி என்று எல்லாப் பூட்டுக்கும் ஒரே விடை கிடையாது. என் பூட்டில் சரிவு மேலே இருந்தபோது கல் தட்டின் நடுவில் முட்டி நின்றது. திருப்பிப் போட்டதும் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் பட்டு, நீளமாகச் சுரண்டிக்கொண்டு இறங்கியது. குதிரை ஓயும் இடத்தில் கூர் கிண்ணியின் நடுவைக் காட்டி நின்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது தட்டின் அடியில் இருக்கும் சின்ன வில்லு. தட்டு சாய மறுத்தால் கல் அதோடு மல்லுக்கட்டி, கூர் சில்லாக உடையும். வில்லை அராவி மெலிசாக்கத்தான் கை போகும். அதைச் செய்யாதீர்கள், எடுத்த உலோகம் திரும்பி வராது. தட்டின் கால் வில்லில் உரசும் இடத்தைக் கண்ணாடிபோல மினுக்கி, ஒரு சொட்டுத் தையல் மிசின் எண்ணெய் விட்டேன். அதுவே போதுமாயிற்று.

அந்த எண்ணெய்தான் அடுத்த சிக்கலையும் கொண்டுவந்தது. எண்ணெய் பட்ட விரலால் தட்டைத் தொட்டிருக்கிறேன். முகத்தில் எண்ணெய்ப் படலம் இருந்தால் கல் சறுக்கும். எண்ணெய் மட்டுமல்ல, வியர்வையும் அப்படித்தான். அதோடு ஒவ்வொரு அடிக்கும் கல்லின் கூரில் சாம்பல்நிற மா ஒன்று ஒட்டுகிறது, கல்தூளும் இரும்புத்தூளும் அரைபட்ட மா. நாலைந்து அடியில் அது கூரை மூடிவிடும். காய்ந்த பருத்தித் துணியால் கூரை ஒரு தரம், தட்டை ஒரு தரம் துடைத்துவிட்டு அடித்தேன். சோர்வு நின்றுவிட்டது. இருபதில் பத்தொன்பது.

அப்பா திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பப்பா ஒவ்வொரு வெடிக்கும் சாரத்துத் தலைப்பால கல்லைத் துடைப்பார், பிறகு சேவல் இறகால கிண்ணியத் தட்டுவார். நான் உனக்கு இதை முதல் நாளே சொன்னேன் தம்பி" என்றார். சொல்லியிருந்தார், உண்மைதான். பழைய கதையோடு கதையாகக் கேட்டுவிட்டு விட்டிருந்தேன்.

வெறும் அடிக்கே இவ்வளவு என்றால், மருந்து எரிந்த பூட்டில் எப்படி இருந்திருக்கும்! கரிமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் உப்பும் கசடுமாக மிஞ்சும். அதில் இருக்கும் பொட்டாசியம் உப்புகள் காற்றின் ஈரத்தை இழுத்துச் சேறாகும். தட்டிலும் கிண்ணியிலும் துளையிலும் அது அப்பிக்கொள்ளும். அதனால்தான் அந்தக் காலத்துச் சிப்பாய்கள் துளை குத்தும் கம்பியும் கிண்ணி துடைக்கும் தூரிகையும் இடுப்பில் தொங்கவிட்டிருந்தார்கள். படுவான்கரையின் மாரிக் காலத்தில், வாவிக் காற்றில், பரணில் இருந்த மனிதருக்கு ஒரு சேவல் இறகு எவ்வளவு பெரிய சாமான் என்று எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

மாரி தொடங்கியதும் எனக்கும் ஒரு பாடம் கிடைத்தது. பொறி மட்டும் போதாது, அது பற்றவும் வேண்டும் என்று, கிண்ணியில் மருந்துக்குப் பதில் கரித்துணி வைத்துச் சோதித்துவந்தேன். பழைய பருத்தி வேட்டியைத் துண்டாக்கி, மூடியில் ஊசித் துளையிட்ட தகரப்பேணியில் போட்டு, புகை அடங்கும்வரை சூடாக்கினால் கரித்துணி கிடைக்கும். ஒரு பொறி விழுந்தால் போதும், செம்புள்ளியாகப் பற்றி விரியும். கச்சான் காற்றடித்த காய்ந்த நாட்களில் பத்துக்கு ஒன்பது பற்றியது. ஐப்பசி மழையில் ஒரு காலை பத்துக்கு ஒன்றும் பற்றவில்லை. கல்லை மாற்றினேன், தோலை மாற்றினேன், தட்டைத் துடைத்தேன். பொறியோ கொத்துக் கொத்தாக விழுகிறது. கடைசியில் துணியைத் தொட்டுப் பார்த்தால் குளிர்ச்சி. ஈரம் இழுத்திருக்கிறது. அடுப்புப் பக்கத்தில் பேணியை அரை மணித்தியாலம் வைத்து எடுத்தேன், முதல் அடியிலேயே பற்றியது. இப்போது பேணிக்குள் வறுத்த அரிசி ஒரு பொட்டலம் இருக்கிறது.

மழை நாட்களில் தட்டிலும் கண்ணுக்குத் தெரியாத பனி பிடிக்கும். அடிப்பதற்கு முன் உள்ளங்கையைக் கிட்டப் பிடித்துச் சூடுகாட்டாதீர்கள், கையின் ஈரமும் சேரும். காய்ந்த துணிதான்.

கூர் மழுங்கினால் கல்லைக் கழற்றாமலே தீட்டலாம். குதிரையை அரைநிலையில் வைத்து, செப்புக் கம்பியின் முனையைக் கூரின் விளிம்பில் ஊன்றிக் கீழ்நோக்கி அமுக்கினால் நகக்கண் அளவு சில்லுகள் தெறித்து, அடியில் புதுக் கூர் தோன்றும். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை இப்படியே. உருக்குக் கம்பி வேண்டாம், கல்லைப் பிளக்கும். கண்ணாடி போடாமல் இந்த வேலையில் கை வைக்கவே கூடாது. சில்லு சவர அலகு, நேரே கண்ணைத்தான் தேடி வரும். கல்தூளையும் மூச்சில் எடுக்காதீர்கள். கல்லுடைக்கிறவர்களின் நுரையீரலைக் கெடுப்பது அந்தத் தூள்தான். நான் முற்றத்தில், காற்றுக்கு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் இருந்து, ஈரத்துணி விரித்துச் செய்கிறேன். துணியை அப்படியே சுருட்டிக் கழுவிவிடலாம்.

தை மாதம் அங்கிளைக் கொக்கட்டிச்சோலைக்குக் கூட்டிவந்தேன். பூட்டை ஒரு வேப்பம் பலகையில் பதித்திருந்தேன். அன்று ஐம்பது அடி அடித்தோம், ஒவ்வொன்றுக்கும் துடைத்து, பதினைந்துக்கு ஒரு தரம் கூர் தீட்டி. நாற்பத்தொன்பது. தவறிய ஒன்று நான் துடைக்க மறந்தது. கடைசிப் பத்தை அப்பா அடித்தார். துணித்தலைப்பை விரலில் சுற்றி, கூரில் ஒரு இழுவை, தட்டில் ஒரு இழுவை, பிறகு சடக். அறுபது வருடத்துக்கு மேல் செய்யாத கை, ஆனாலும் ஒருதரம்கூடத் தவறவிடவில்லை. அங்கிள் அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நேற்றுப் பார்த்தேன், ஒட்டு ஈயத்தின் ஓரத்தில் நூல்போல ஒரு துருக்கோடு. மழையின் வேலை. நுனியால் சுரண்டி, தேன்மெழுகை உருக்கி அந்த ஓரத்தில் மட்டும் பூசியிருக்கிறேன், முகத்தில் படாமல். முதல் கல் பாதி நீளத்துக்குத் தேய்ந்துவிட்டது. தோலுக்குப் பின்னால் ஒரு மூங்கில் சிம்பு வைத்து முன்னே தள்ளியிருக்கிறேன். இன்னும் கொஞ்ச நாள் ஓடும். மீதி ஐந்து கல்லும் மரைக்காலுக்குள் பத்திரமாக இருக்கின்றன.